ஏரிக்கரை நகரங்கள் – 6
வெவேயில் முடிசூடும் தோட்டத் தொழிலாளி

சென்ற வாரம் லொசான் நகரில், 1936 பிப்ரவரி 28 அன்று கமலா நேரு கண்மூடியதைப் பார்த்தோம். அங்கிருந்து கிழக்கே, ஜெனிவா ஏரியை ஒட்டியே ஓடும் ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் வெவே வந்துவிடும். எல்லோரும் ஏரி தெரியும் வலப்பக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். நம் ஊர்க்காரர்கள் இடப்பக்கம் உட்கார வேண்டும் என்பேன். அங்கேதான் லாவோ திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன.

செங்குத்தான மலைச்சரிவு. ஆளுயரக் கற்சுவர் எழுப்பி, மண் நிரப்பி, படிப்படியாக ஏறும் தோட்டம். 11ஆம் நூற்றாண்டில் துறவிகள் தொடங்கிய வேலை இது. மழையில் சுவர் சரியும், மறுபடி கட்டுவார்கள். இன்றும் பல இடங்களில் இயந்திரம் ஏற முடியாது, கையால்தான் பறிக்கிறார்கள். 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்து, இந்த மண்ணில் கட்டடங்கள் பெருகாமல் தடுத்தார்கள். 2007இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

வெவேயில் இறங்கினால் நெஸ்லேயின் தலைமையகம், ஏரித் தண்ணீரில் நட்டுவைத்த ராட்சத முள்கரண்டி, சாப்ளின் சிலை என்று பார்க்கப் பலவும் உண்டு. என்னை நிறுத்தி வைத்தது கரையோரச் சந்தைத் திடல். ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு ஒருமுறை இங்கே திராட்சைத் தொழிலாளர் திருவிழா நடக்கிறது. 1797இல் தொடங்கியது; 2019இல் நடந்தது பன்னிரண்டாவது. சொந்தத் தோட்டம் இல்லாமல், அடுத்தவர் நிலத்தில் ஒப்பந்தத்துக்கு உழைப்பவர்களின் வேலையை அனுபவசாலிகள் தோட்டம் தோட்டமாகச் சென்று மதிப்பிடுகிறார்கள். மிகச் சிறந்தவர்களுக்கு, ஆயிரக்கணக்கானோர் முன்னால், இந்தத் திடலில் முடிசூட்டுகிறார்கள். முதலாளிக்கு அல்ல, கூலிக்கு உழைத்தவருக்கு!

2019க்கு முந்தைய விழா 1999 கோடையில் நடந்தது. அந்த ஆண்டை நம் மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் மறக்காது. ஈப்போ பக்கம் 1998இல் தொடங்கிய மூளைக்காய்ச்சல், பன்றிகளோடு நெகிரி செம்பிலானில் உள்ள இந்த ஊருக்கும் வந்தது. கொசுவால் வருவது என்று முதலில் நினைத்து மருந்தடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். பக்கத்துக் கம்பமான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. சீனப் பண்ணைக்காரர்களோடு, அங்கே வேலை பார்த்த இந்தியரும் நோயில் விழுந்தார்கள்.

அந்தத் துயரத்தை மறக்கக் கூடாது என்று சுங்கை நிப்பாவில் ஒரு நினைவகம் இருக்கிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய செயல். ஆனால் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் நினைவை யார் காக்கிறார்கள்? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து வாளி சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, குடும்பங்கள் பட்டணம் போயின. அவர்கள் பெயரைச் சொல்ல ஒரு பலகை உண்டா?

யுனெஸ்கோ வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில்கள் பல இன்னும் நிற்கின்றன. பிரிந்து போனவர்கள் திருவிழாவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள். இந்த ஆண்டுத் திருவிழாவில், பால் வெட்டிய பெரியவர்களை மேடையேற்றி மாலை போடுங்கள். எந்த நிரை, எந்தக் கங்காணி, எத்தனை மரம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைக் கோயில் சுவரிலேயே கல்லில் பொறியுங்கள். வெவே மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்கிறார்கள். நம்மாலும் முடியும்.

(அடுத்த வாரம்: ஜெனிவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு)