சாவிக்கொத்தைக் கீழே வையுங்கள்!

"வைத்தியரே, அந்த மாத்திரைய நிப்பாட்டிட்டேன். நீங்களே ஒரு கசாயம் தாங்க..."

பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஆறு வயது மகனோடு வந்த தாய் இப்படிச் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்னைக்கு நிறுத்தினே மக்கா?"

"நாலு நாளாச்சு."

அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்து, பழைய டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் வீம்பு பார்ப்பதில்லை.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், தவறாமல் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லையா? அதுதான் மருந்துக்கு அடங்காத வலிப்பு. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படித்தான்.

இதற்கு வழி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம்! அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் அனுபவம் பெற்ற நரம்பியல் நிபுணர் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன், வலிப்புக்கென்றே அங்கே ஒரு தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். 1995 மார்ச்சில் அங்கே முதல் வலிப்பு ஆபரேஷன் நடந்தது.

கத்தியை எடுப்பதற்கு முன் நடப்பதுதான் பெரிய வேலை. நோயாளியை நாள்கணக்கில் படுக்க வைத்து, ஒருபக்கம் வீடியோ, ஒருபக்கம் ஈ.ஈ.ஜி. வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள்! எந்த இடத்தில் கிளம்புகிறது என்று பிடிக்க வேண்டுமே. சிறுவயதில் காய்ச்சலோடு வெகுநேரம் நீடித்த வலிப்பு, சிலருக்குப் பொட்டுப் பக்க மூளையில் தழும்பை விட்டுப் போயிருக்கும். அந்தப் பகுதியை எடுத்துவிட்டால், சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களில் பத்துக்கு ஆறேழு பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது.

சில குழந்தைகளுக்கு மூளையின் ஒருபாதி முழுவதுமே பழுதாகியிருக்கும். அந்தப் பாதியின் தொடர்பையே துண்டித்துவிடுவார்கள். பதறாதீர்கள், இளம் மூளையில் மறுபாதி பல வேலைகளைக் கற்றுக்கொள்ளும். வயது ஏற ஏற அந்தத் திறன் குறையும். 'பெரியவனானா சரியாயிரும்' என்று வருஷத்தைக் கடத்துவது அதனால்தான் தப்பு.

ஆபரேஷனுக்கு ஏற்றதாக இல்லாத குழந்தைகளுக்கு, சோற்றை வெகுவாகக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் கீட்டோஜெனிக் உணவு உண்டு. 1921-லேயே மேயோவில் சொன்னது. நம்மூர் தேங்காயெண்ணெய் அதற்கு உதவும். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் மட்டும் தொடங்கிவிடாதீர்கள்.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவி வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்தத் தாய் போன மாதம் மறுபடி வந்தாள், தன் மூட்டுவலிக்கு. பையனுக்குத் திருவனந்தபுரத்தில் வீடியோ டெஸ்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். மாத்திரை டப்பாவை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்.