எண்ணியெடுத்த அணுத்திரள்கள்

பொன் துருப்பிடியாது, ஏனைய பொருள்களோடு எளிதிற் சேராது. இதனாலன்றோ அது விழுமிய உலோகமெனப்பட்டது! ஆயினும், 1999ஆம் ஆண்டில் உவெலி ஹைற்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட முடிபு வியப்புக்குரியது. ஒட்சிசனணுக்கள் ஆங்காங்கே குறைந்த மகனீசியமொட்சைட்டுப் பரப்பில் அவர்கள் பொன்னணுக்களைச் சிறு திரள்களாக இட்டு, காபனோரொட்சைட்டு ஒட்சியேற்றமடைகின்றதா என ஆராய்ந்தனர். 8 அணுக்கள் கொண்ட திரளே இத்தாக்கத்தை ஊக்கியவற்றுள் மிகச் சிறியது. அதனிற் குறைந்தவை வாளாவிருந்தன. ஓரணுவின் குறைவே இயல்பை மாற்றுமாயின், திரள்களை எண்ணிப் பிரியாது அவற்றின் குணங் கூறுதல் பயனற்றதாகும். கண்ணுக்குப் புலனாகாத அணுக்களை எங்ஙனம் எண்ணுவது?

முதற்கண் திரள்களை ஆக்கல் வேண்டும். 1990களின் தொடக்கத்தில் செருமனியின் பிறைபூர்க் நகரில் ஹேபர்லாந்து குழுவினர் வகுத்த முறை இன்று பெரிதும் கையாளப்படுகின்றது. ஆகன் அயன்கள் உலோகத் தகட்டை மோத, அதிலிருந்து அணுக்கள் தெறிக்கின்றன. திரவ நைதரசனாற் குளிரூட்டிய குழாயினுள், ஆகனும் ஈலியமுங் கலந்த வாயுவினிடையே செல்லுங்கால், அவை தம் வெப்பத்தை வாயுவுக்கு இழந்து ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நீராவி குளிர்ந்து துளியாதலை இது ஒக்கும். வாயுவின் அமுக்கமும் குழாயின் நீளமும் மாறத் திரளின் பருமனும் மாறும். பின்னர்ச் சிறு துவாரமொன்றினூடாக வெற்றிடத்துட் பாய்ந்து அவை கற்றையாகின்றன.

கற்றையிற் பல பருமன்களுங் கலந்துள்ளன. எனினும், திரள்களுட் பல மின்னேற்றம் பெற்றிருப்பது நம் நற்பேறே. நான்கு கோல்களுக்கு நேர்மின்னழுத்தமும் ஆடன்மின்னழுத்தமும் ஒருங்கே கொடுத்தால், திணிவுக்கும் ஏற்றத்துக்குமுள்ள விகிதம் பொருந்திய திரள்களே அவற்றினிடையே கடந்து செல்லும். ஏனையவை விலகி ஒழியும். 20 அணுவும் ஓரேற்றமும் உடையதையும், 40 அணுவும் ஈரேற்றமும் உடையதையும் இக்கருவி வேறுபடுத்தாது என்பதையும் மறத்தலாகாது. பெருந்திரள்களில் எண்ணிக்கை இத்துணைத் திட்பமாக அமைவதுமில்லை; 923 அணுத்திரள் என வழங்குவதில் இருபதணுவுக்குச் சற்று மேலும் கீழுமாக வேறுபாடு உண்டு.

எண்ணியது சிதையாமற் பரப்பை அடைதலும் வேண்டும். அணுவொன்றுக்கு ஓர் இலத்திரன்வோல்ற்றிலுங் குறைந்த சத்தியோடு இறங்கின் திரள் பெரும்பாலும் உடையாது. ஆனாற் காரீயப் பரப்பில் அவ்வாறு மெல்ல இறங்கியவை நழுவிச் சென்று ஒன்றோடொன்று கூடிவிடும். பட்ட பாடு வீணாகும். ஆதலின், சற்று விசையோடு மோதவிட்டுத் திரளைப் பரப்பிற் பதியவைப்பதும் உண்டு.

இவ்வளவு துல்லியத்துக்கு விலை யாது? தெரிந்தெடுத்த கற்றையின் ஓட்டம் ஒரு நனோஅம்பியர் எனக் கொள்வோம். செக்கனுக்கு ஏறத்தாழ 620 கோடித் திரள்கள்! ஆயினும், 20 அணுப் பொற்றிரளாக ஒரு மில்லிகிராம் சேர்வதற்கு 280 நாள்களுக்கு மேலாகும். பொற்கொல்லனின் குன்றிமணி நிறைக்கோ தொண்ணூறாண்டுகள் கடந்துவிடும். ஆய்வுசாலைக்குப் போதுமான இக்கற்றை தொழிற்சாலைக்கு எட்டாதிருப்பது இதனாலேயே. 2016இற் பாமர் முதலியோர், உலோக அணுக்களை உறைந்த ஆகனிற் பொதிந்து, அதனை அயன்களால் மோதித் திரள்களை மிகுதியாகப் பெறும் வழியொன்றை வெளியிட்டனர். அங்கு அளவு பெருகுகின்றது. ஆனால், ஒவ்வோரணுவாக எண்ணும் திட்பம் இல்லை.