கப்பல் பட்டியலில் சொந்த ஊர்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர், பெரும்பாலும் கரும்புத் தோட்டக் கூலிகளாக, ஒப்பந்தத்தின் பேரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று முன்னோரின் ஊரைத் தேடுகிறார்கள்.

தேடலுக்குத் திறவுகோல் ஒப்பந்த எண். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பழைய திருமண, இறப்புச் சான்றிதழ்களில் அது பெரும்பாலும் இருக்கும். அதைக் கொண்டு கப்பல் பட்டியலைப் பார்த்தால் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு வரை ஒரே வரியில் கிடைத்துவிடும். மனிதரைச் சரக்குபோல் குறித்த அந்த வரிதான் இன்று பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சிய முக்கிய ஆதாரம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். காதில் விழுந்தபடி எழுத்தர்கள் எழுதிய ஊர்ப்பெயர்கள் உருக்குலைந்திருக்கும். ஜில்லாக்களும் பிரிந்துவிட்டன, வட ஆற்காடு என்றிருந்தால் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல, ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கமும் தேட வேண்டும். ஊர் பிடிபட்டபின் கைகொடுப்பவை குலதெய்வக் கோயிலும் பங்காளிகளின் நினைவும். “கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை” என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் உண்டு.

அப்படியொரு பேச்சு உங்கள் வீட்டிலும் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.