கெட்டிமேளம் கேட்டதும் கேமராவில் என்ன நடக்கும்? கல்யாண போட்டோகிராபரை புக் பண்ணும் முன் தெரிஞ்சுக்கோங்க!

முதல் நாள் மாலை வரவேற்பு. மறுநாள் 4.30 - 6 முகூர்த்தம். இரவு கடைசி விருந்தினர் மேடையை விட்டு இறங்கும்வரை படம் எடுத்த போட்டோகிராபர், மணப்பெண் அலங்காரத்தை எடுக்க விடியும் முன்பே ரெடியாக வேண்டும்.

ரீடேக் கிடையாது!

கெட்டிமேளம் ஒலித்ததும் மூன்று முடிச்சும் சில நொடிகளில் முடிஞ்சுடும். சரியாக அந்த நேரம் பார்த்து அட்சதை போட எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மேடையிலும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவருக்கு மறைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்கட்டும் என்றுதான் முன்னால் ஒருவர், பக்கவாட்டில் ஒருவர் என நிற்கிறார்கள்.

கார்டு பழுதானால்?

இரண்டு மெமரி கார்டு போடும் கேமராவில், ஒரே படத்தை இரண்டிலும் பதிவாகும்படி செட் பண்ணலாம். ஒன்று பழுதானாலும் தாலி கட்டிய படம் தப்பிக்கும்.

படம் யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். ஆனால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அதனால் படிக்காமல் கையெழுத்து போடாதீங்க.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேளுங்க

* முகூர்த்தத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?
* இரண்டு கார்டிலும் படம் பதிவாகுமா?
* ஆல்பம் கொடுத்த பிறகு படங்களை எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?
* எங்களைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடுவாங்களா?

பதிலை வாயால் கேட்டால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க.