ஒத்திகைக்கு வைக்கும் கமரா

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துர தோட்டம் தெல்தோட்டைக்கு அருகில்தான் இருக்கிறது. தமிழகத்திலிருந்து இந்த மலைகளுக்கு வந்த தொழிலாளர்கள் தங்களோடு காமன் கூத்தையும் கொண்டுவந்தார்கள். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றி, சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுவது மலையகத் தோட்டங்களின் வழக்கம். ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். நேர்த்தி வைத்து ஆடுபவர்களும் உண்டு.

கூத்தன்று எல்லோர் கையிலும் போன் உயரும். ஒத்திகையை எடுப்பவர் குறைவு. கலை கைமாறுவதோ ஒத்திகையில்தான். கூத்தைப் பழக்கும் மாஸ்டர் பாட்டை நிறுத்தி அடவைத் திருத்துவதும், பகலெல்லாம் மலையில் வேலை செய்தவர் இரவில் மன்மதனாகப் பழகுவதும் கூத்தன்று தெரியாது. பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் 1994இல், செக்கோவின் ‘வான்யா மாமா’ நாடகத்தின் ஒத்திகையையே ஒரு முழுப் படமாக்கினார்.

முதலில் கமராவை எங்கே வைப்பது? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகிய கூத்துகளைத் தயாரித்தபோது, விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட மேடைக்கு முன்புறம் ஒரு கமரா போதும். காமன் கூத்தோ திறந்த வெளியில் சுற்றி ஆடப்படுவது. எனவே ஒரு கமராவைச் சற்று உயரத்தில் நிலையாக நிறுத்தி, ஆடுபவரின் பாதம் முதல் தலை வரை தெரியும்படி எடுக்க வேண்டும். கால் தெரியாவிட்டால் அடவு பதிவாகாது. இரண்டாவது கமரா இருந்தால் மாஸ்டரின் முகத்தையும் கையையும் பின்தொடரட்டும்.

அடுத்தது ஒளி. இலங்கை மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று ஓடுவதால், பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியாக வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கடினமானது ஒலிதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீற்றர் செல்கிறது. 40 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால், தப்புப் பறையில் குச்சி விழுந்து கிட்டத்தட்ட எட்டில் ஒரு வினாடி கழித்தே அடி பதிவாகும். கமராவின் தானியங்கி ஒலிமட்ட அமைப்பு வேறொரு கெடுதல் செய்யும்: தப்பு ஓங்கும்போதெல்லாம் மட்டத்தைக் குறைத்துப் பாடுபவரின் குரலையும் அமுக்கிவிடும். அதை நிறுத்திவிட்டு, பாடுபவருக்கு அருகே தனி ஒலிப்பதிவுக் கருவி வையுங்கள். தொடக்கத்தில் கமரா முன் ஒருமுறை கைதட்டினால், பின்னர் அந்த ஓசையை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்தலாம்.

இது வழிபாடும்கூட என்பதால் மாஸ்டரிடமும் ஆடுபவர்களிடமும் அனுமதி கேட்டுத் தொடங்குங்கள். தோட்டத்தின் பெயர், திகதி, வேடங்களின் விபரம் எழுதிவைத்து, ஆடியவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அவர்கள் சம்மதித்தால், ஒலி, ஒளிப்பதிவுகளையும் பாதுகாக்கும் நூலக நிறுவனத்துக்கு இன்னொரு பிரதியைச் சேர்ப்பியுங்கள்.