சனிக்கிழமைக் கூலி

கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, பிசிறு வெட்டி, ஓவர்லாக் இயந்திரத்தில் அமர்ந்து கை தேர்ந்து, பின்னர் மனைவியின் நகையையும் வங்கிக் கடனையும் நம்பி வாடகைக் கட்டடத்தில் நான்கைந்து இயந்திரங்களைப் போட்டுச் சொந்தமாகப் பவர் டேபிள் என்னும் சிறு தையல் கூடம் நடத்த முற்படுகிற மனிதர்களைத் திருப்பூரில் பல தெருக்களிலும் காணலாம். நேற்று வரை கூலி வாங்கியவர் இன்று கூலி கொடுப்பவராகிறார். அவருக்குத் தலைமைப் பண்புகளைப் போதிக்க இந்நாளில் பயிற்சி வகுப்புகள் நிறைய உண்டு. இதமாகப் பேசுவது, உற்சாகமூட்டுவது, பொறுப்பைப் பகிர்ந்தளிப்பது முதலிய விஷயங்களை அவை கற்பிக்கின்றன. அவற்றால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. ஆயினும் முதன்முதலாகப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கப் புறப்பட்டவருக்கு இவையெல்லாவற்றிற்கும் முந்தியதான ஒரு கடமை உண்டு என்பதும், அது சொன்ன நாளில் சொன்ன கூலியைக் குறையாமல் கையில் கொடுப்பதே என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

பனியன் கம்பெனிகளில் வாரக் கூலியே வழக்கம். மளிகைக் கடைப் பாக்கி, சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பீகாரிலும் ஒடிசாவிலும் உள்ள குடும்பத்துக்கு அனுப்பவேண்டிய தொகை ஆகிய அனைத்தும் சனிக்கிழமை மாலையை நம்பியே இருக்கின்றன. புது முதலாளியின் நிலைமையோ வேறு. துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக அனுப்பி, பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசித் தைக்கக் கொடுத்த பெரிய கம்பெனியிலிருந்து அவருக்குப் பணம் வந்து சேர மாதம் ஒன்றோ இரண்டோ ஆகிவிடும். அந்தக் கம்பெனிக்கும் கடல் கடந்த வியாபாரி சாவகாசமாகவே பணம் அனுப்புகிறார். மேலிருந்து ஒருவர் மீது ஒருவராக இறக்கிவைக்கப்படும் இந்தக் காலதாமதம், இறக்கிவைக்க வேறு ஆளில்லாத பேட்லாக் இயந்திரத்தில் தைக்கும் டெய்லரின் வீட்டுச் செலவில் வந்து நின்றுவிடுகிறது. “அடுத்த சனிக்கிழமை சேர்த்துத் தந்துவிடுகிறேன், அக்கா” என்று முதலாளி சொல்லும் முதல் தடவை யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அவரும் நம்மைப்போல் கஷ்டப்பட்டு வந்தவர்தானே என்ற பரிவு அவர்களிடம் நிரம்ப இருக்கிறது.

அந்தப் பரிவைத் தம் செல்வாக்கென்று அவர் எண்ணிவிடுவதுதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. கூலி பாக்கி வைத்தவர், திங்கட்கிழமை காலையில் ஒருவர் நேரங்கழித்து வந்தால் ஏன் என்று கேட்க முடியாதவராகிறார். தையல் கோணியிருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லத் தயங்குகிறார். தயங்கித் தயங்கி, ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எல்லோர் முன்னிலையிலும் இரைந்து விழுகிறார். சிறிய கம்பெனிகளில் கேட்கும் கடுஞ்சொற்களில் பெரும்பகுதி சுபாவத்தில் பிறந்ததன்று, கடன்பட்டவரின் கூச்சத்தில் பிறந்தது என்றே நான் கருதுகிறேன். அந்தக் கூச்சம் இருக்கும் வரையில், இதமாகப் பேசும் கலையை எந்த ஆசிரியர் வந்து கற்பித்தாலும் அது நாவில் நிற்காது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கைத்திறன் மிக்க டெய்லருக்கு அடுத்த தெருவிலேயே வேலை காத்திருக்கிறது. இரண்டு வாரப் பாக்கியைப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு அவர் போய்விடுகிறார். பாக்கியை விட்டுப் போக வழியில்லாதவர்களே எஞ்சுகிறார்கள். போனவர்களுக்குப் பதிலாக அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவந்தவர்களும், வரவேண்டியதற்காகக் காத்திருப்பவர்களும், ஆக இருவகையிலும் பணத்தால் கட்டுண்டவர்கள் மட்டுமே நிறைந்த ஓர் அறையை முதலாளி தம்முடைய குழு என்று அழைத்துக்கொள்கிறார்.

பிடித்தத்தின் கதையும் இப்படிப்பட்டதே. பெரிய கம்பெனி டேமேஜ் என்று திருப்பிய பீஸ்களுக்கான தொகையை டெய்லர்களின் தலையில் பங்கிட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தொழிலாளியின் அஜாக்கிரதையே சேதத்துக்குக் காரணம் என்று விளங்கி, அவர் தம் சமாதானத்தைச் சொல்லச் சந்தர்ப்பமும் அளித்த பிறகே பிடிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டமே விதித்திருந்தது. சட்டமே கேட்கும் பிடித்தங்களும் உண்டு; பத்துப் பேர் சேர்ந்தால் இ.எஸ்.ஐ.யும், இருபது பேரானால் பி.எஃப்.பும் வருகின்றன. தொழிலாளியின் பங்கைக் கூலியில் பிடித்துக்கொண்டு உரிய இடத்தில் கட்டாமலிருப்பதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே கருதுகிறது. அவசரத்துக்குக் கைமாற்றாக எடுத்தேன் என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கூலிக்கென்று பணத்தை முடக்கிவைத்தால் தொழில் வளராது என்று வாதிப்போர் உண்டு. வளர்ந்த சிலரையும் அவர்கள் காட்டுவார்கள். ஆனால் ஆறாவது இயந்திரத்தை வாங்குமுன் நான்கு வாரக் கூலியைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவைப்பதே நிர்வாகத்தின் ஆரம்பப் பாடம் என்று எனக்குப் படுகிறது. தமக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்கும் துணிவும் இதைச் சேர்ந்ததே. உத்யம் பதிவு செய்துகொண்ட சிறுதொழிலுக்கு, ஒப்பந்தம் எப்படியிருந்தாலும், 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்றும், தவறினால் கூட்டுவட்டி உண்டு என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்று அஞ்சுவதில் நியாயமில்லாமலில்லை. ஒரே கம்பெனியை நம்பியிருக்கிறவருக்கு அந்த அச்சம் இரட்டிப்பு. ஆகையால் பீஸுக்குக் கிடைக்கும் தொகை சற்றுக் குறைந்தாலும் இரண்டு இடங்களில் ஆர்டர் வைத்துக்கொள்வது உசிதம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வாரம் பணம் தவறலாம். அப்போது சனிக்கிழமை மாலை வரை மௌனமாக இருந்துவிட்டு, போன் எடுக்காமல், சூப்பர்வைசரை முன்னே அனுப்பிச் சொல்லவைப்பது கூடாது. வியாழக்கிழமையே டீ நேரத்தில் எல்லோரையும் அழைத்து, எந்த பில் வரவில்லை, இந்த வாரம் எத்தனை ரூபாய் தர முடியும், மீதி எந்தத் தேதியில் வரும் என்ற மூன்றையும் தாமே சொல்லி, அந்தத் தேதியை ஒவ்வொருவர் கூலிப் புத்தகத்திலும் தம் கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும்.