திறப்பும் இருபத்துநான்கு சொற்களும்



வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் கல்முனைக்குடிக்கு வந்தபோது என்னைக் காண வந்தார். உரையாடலுக்கு நடுவே, தீப்பெட்டியளவான ஒரு சிறு கருவியை மேசைமீது வைத்து, "சேர், என் சேமிப்பில் ஒரு பகுதி இதற்குள் இருக்கிறது" என்றார். "இது தொலைந்துவிட்டால்?" என வினவினேன். "இது தொலைந்தாலும் கேடில்லை, 24 சொற்கள் தொலைந்தால்தான் கேடு. அவற்றை எங்கே வைப்பதென்று கேட்கவே வந்தேன்" என்றார். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அது புதிராகவே இருந்தது. அதனை விடுவிக்க நான் கற்றறிந்தவற்றையே இன்று எடுத்துரைக்கின்றேன்.

பிட்கொயின் என்னும் மெய்நிகர் நாணயத்தைப் பற்றிய கருத்து, 2008ஆம் ஆண்டில் சதோசி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான ஒரு கட்டுரையிலே தோன்றியது. 2009 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு உலோகமில்லை, தாளில்லை, வெளியிடும் அரசுமில்லை. உலகெங்கும் பரந்துள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே பேரேடு எழுதப்பட்டு வருகின்றது. இன்ன முகவரியில் இத்தனை நாணயம் என்னும் பதிவே அங்கே செல்வம். அதனைப் பிறருக்கு மாற்றும் அதிகாரம், அம்முகவரிக்குரிய இரகசிய எண்ணை வைத்திருப்பவருக்கே உண்டு. அவ்வெண்ணே திறவுகோல்; நம்மூர் வழக்கிற் சொன்னால் திறப்பு. ஆகவே என் மாணவரின் கருவிக்குள் நாணயம் இருக்கவில்லை. திறப்பு மட்டுமே இருந்தது.

இத்திறப்பை எங்கே வைப்பது? நாணயம் மாற்றும் நிறுவனங்களிடமே விட்டுவைப்போர் பலர். ரோக்கியோ நகரில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ் நிறுவனம் 2014இல் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 850,000 பிட்கொயின்கள் காணாமற்போனதாக அறிவித்தது. அவற்றுள் 200,000 மட்டுமே பின்னர் கண்டெடுக்கப்பட்டன. 2024 யூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டொலர் பெறுமதியான நாணயங்கள் களவாடப்பட்டன. சொந்தக் கணினியிலோ கைத்தொலைபேசியிலோ வைத்தாலும், இணையத்தின் வழியே நுழையும் திருட்டு நிரல்கள் அதனைக் கவர்ந்துவிடலாம்.

இக்குறையைத் தீர்க்கவே தனிக் கருவிகள் பிறந்தன. செக் நாட்டின் திரெசர் 2014இல் விற்பனைக்கு வந்தது. பிரான்சின் லெட்ஜர் நிறுவனமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. இவற்றின் தொழிற்பாட்டை ஓர் உவமையால் விளக்கலாம். பூட்டிய அறையொன்றினுள் ஓர் அதிகாரி தம் முத்திரையோடு அமர்ந்திருக்கின்றார் எனக் கொள்வோம். பத்திரம் கதவின் கீழாக உள்ளே செல்கின்றது. அவர் அதனை வாசித்து, முத்திரையிட்டு, வெளியே தள்ளிவிடுகின்றார். பத்திரம் வந்துபோகிறதேயன்றி, முத்திரை ஒருபோதும் அறையை விட்டு நீங்குவதில்லை. அதுபோலவே, கணினி தயாரிக்கும் கொடுக்கல்வாங்கற் பத்திரம் கருவிக்குள் செல்கின்றது; பெறுபவரின் முகவரியும் தொகையும் கருவியின் சிறு திரையிலே தோன்றுகின்றன; உடையவர் பொத்தானை அழுத்தியதும் கையொப்பம் மட்டும் வெளிவருகின்றது. கணினியில் திருடன் இருந்தாலும் திறப்பு அவன் கைக்கு எட்டாது. ஆயினும் திரையை வாசியாமலே பொத்தானை அழுத்துவோரை எந்தக் கருவியாலும் காக்க இயலாது.

இனி, அந்த 24 சொற்கள். கருவியை முதன்முதல் இயக்கும்போது, 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை அது வரிசையாகக் காட்டும். அவை அத்திறப்பின் மறுவடிவமே. கருவி உடைந்தாலும் களவுபோனாலும், புதிய கருவியொன்றில் அச்சொற்களை அதே வரிசையில் இட்டால் யாவும் மீளும். சொற்கள் பிறர் கையிற் சிக்கினாலோ, கருவி உம்மிடமிருந்தும் பயனில்லை.

இவ்விடத்திலே என் நினைவு 2004 திசெம்பர் 26ஆம் திகதிக்குச் சென்றது. அன்று காலை கடல் நம் கரையேறி வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் பலர் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் இழந்து நின்றனர். எனினும், காணிப் பதிவகத்தில் உறுதியின் பதிவு இருந்தது. வங்கியிற் கணக்கு இருந்தது. இன்னார் மகன் இன்னாரெனச் சாட்சி சொல்ல அயலார் இருந்தனர். இந்த 24 சொற்களுக்கோ பதிவகமுமில்லை, சாட்சியுமில்லை. மாணவரிடம் இதனையே சொன்னேன்: "தம்பி, சொற்களைக் கடற்கரை வீட்டின் அலுமாரியில் மட்டும் வையாதீர். துருப்பிடியாத எஃகுத் தகட்டிற் பொறித்து, ஒரு பிரதியை வீட்டிலும், மற்றொன்றைச் சம்மாந்துறை போன்ற உள்ளூரில் முழு நம்பிக்கைக்குரிய உறவினரிடம் முத்திரையிட்ட உறையிலும் வையும்."

வேறு சில எச்சரிக்கைகளும் உள. சொற்களைப் புகைப்படம் எடுத்தலும், கைத்தொலைபேசியிற் பதிதலும் ஆகா; அவ்வாறு செய்தால் கருவி வாங்கியதன் பயனே கெடும். கருவியை உற்பத்தியாளரிடமோ அவர் அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குக. சொற்கள் முன்னரே எழுதப்பட்ட தாளோடு வரும் கருவி ஐயமின்றி மோசடியே. சொற்களைக் கேட்டு நிறுவனத்தின் பெயரால் வரும் கடிதமும் அழைப்பும் அத்தகையனவே.

இவ்வுரை இந்நாணயத்தை வாங்குமாறு தூண்டுவதன்று. இதன் விலை ஏறியிறங்கும் தன்மையது. இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பொதுமக்களைப் பன்முறை எச்சரித்துள்ளது; 2021இல் விடுத்த பணிப்புரையின்படி, வங்கி அட்டைகளை இக்கொடுக்கல்வாங்கலுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை என்றும் அறிவித்தது. கருவி களவைத் தடுக்கும், நட்டத்தைத் தடுக்காது.

விடைபெறுமுன் மாணவரிடம் ஒன்று கேட்டேன்: "உமக்கு ஏதும் நேர்ந்தால், இப்படியொரு பொருள் உண்டென்பது வீட்டாருக்குத் தெரியுமா?" அவர் தலைகுனிந்தார். கடனையும் அமானிதத்தையும் எழுதிவைப்பது நம்மவர் பேணிவந்த ஒழுக்கம். அவ்வேட்டிலே, சொற்களை எழுதாது, அவை இருக்குமிடத்தை மட்டும் குறித்துவைத்தல் வேண்டும். இல்லையேல், அச்செல்வம் உலகப் பேரேட்டில் என்றும் பதிந்திருக்கும். உரிய பிள்ளைகளின் கைக்கு மட்டும் வந்துசேராது. வளைகுடாவுக்குத் திரும்புமுன் மனைவியை அமர்த்தி இதனை விளக்கிவிட்டதாக, அவர் பின்னர் எனக்கு அறிவித்தார்.